ஒரே வேனில் வந்த சாட்சி

நசுங்கிய பிஸ்கட் டின் ஒன்று. உள்ளே தேங்காய் ரொட்டி, ஓரத்தில் தொட்டுக்கொள்ளக் கொச்சிக்காய்ச் சம்பல். நுவரெலியா மேல் நீதிமன்றம் என்றால் எனக்கு நீதிபதியின் முகம் நினைவுக்கு வருவதில்லை, அந்த டின்தான் வருகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். சட்டம் படித்ததெல்லாம் அந்த வாசலில்தான்.

சித்தப்பா மீது கொலை வழக்கு. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் திருவிழா அன்று ஒருவரோடு வாய்த்தகராறு. என் கையைப் பிடித்தார், உதறினேன் என்கிறார் சித்தப்பா, தள்ளினார் என்கிறது பொலிஸ். தண்ணீர் ஓடும் கானின் கல்லில் தலை அடித்து விழுந்தவர் எழவேயில்லை. நேரில் பார்த்தவர் ஒருவர்தான், லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பிரா வீட்டில் இருக்கும் பெரியம்மா. இரத்த உறவு இல்லை, சுவர் உறவு.

கொலை வழக்கென்பதால் பிணைக்கு மேல் நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். லோயர் சித்தியிடம் முன்பே சொல்லியிருந்தார்: "குத்தம் செஞ்சாரா இல்லையான்னு இன்னைக்குப் பார்க்க மாட்டாங்கம்மா. வெளிய விட்டா ஓடிருவாரா, சாட்சியக் கலைச்சிருவாரா, அதத்தான் பார்ப்பாங்க." ஓடமாட்டார், அவருக்கு இத்தனை பேர் இருக்கிறோம் என்று காட்ட லயமே கிளம்பியது. தோட்டத்துக்கு இருப்பது ஒரு வேன். சித்தப்பாவை ஒருதடவை பார்த்துவிட வேண்டுமென்று பெரியம்மாவும் வந்து நின்றார். "எடம் இருக்குக்கா, ஏறுங்க" என்றாள் சித்தி. சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எதற்கும் ஒன்றாக ஏறிப் பழகியவர்கள், இதற்கும் ஏறினோம். "சாட்சிக்கு ஜன்னல் சீட்டுப்பா!" என்று நான் வேறு கத்தினேன்.

கோர்ட் வாசலில் பெரியம்மா டின்னைத் திறந்து, அழுதுகொண்டிருந்த சித்தியின் வாயில் ரொட்டியைப் பிய்த்து ஊட்டினார். எதிரே ஒரு பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே அரச தரப்புச் சட்டத்தரணி சிங்களத்தில் பேசியதை மொழிபெயர்ப்பாளர் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. முக்கிய சாட்சி சந்தேகநபரின் குடும்பத்தோடு ஒரே வேனில் வந்திருக்கிறார், ஒரே டின்னில் சாப்பிடுகிறார். ஆளை வெளியே விட்டால் இருவருக்கும் நடுவே ஒரு சுவர்தான். பிணை மறுக்கப்பட்டது. "நான் என்ன செஞ்சேன்? பசிக்குமேன்னு கொண்டாந்தேன்" என்று பெரியம்மா வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

அடுத்த மனுவில் சித்தப்பா தங்குவதற்கு லோயர் ராகலையில் உள்ள அத்தையின் முகவரியைக் கொடுத்தார். தோட்டத்துப் பக்கம் வரக்கூடாது, சாட்சியோடு எந்த வழியிலும் தொடர்பு கூடாது என்ற நிபந்தனைகளோடு பிணை கிடைத்தது. இப்போது சித்தப்பா வெளியே இருக்கிறார், வீட்டில் இல்லை. விசாரணை இன்னும் தொடங்கவில்லை. எந்தக் கடிதம் வந்தாலும் சித்தி அதை என்னிடம் நீட்டிப் பிரிக்கச் சொல்கிறாள்.

போன ஞாயிறு நான் ராகலைக்குக் கிளம்பியபோது பெரியம்மா அதே டின்னோடு வந்தார்.

"பெரியம்மா, இது அங்க போச்சுன்னா சித்தப்பா மறுபடி உள்ள."

"அப்ப நீயே தின்னுத் தொலடா!"

பஸ்ஸிலேயே முழுவதையும் தின்றேன். ராகலையில் என் கையைப் பிடித்த சித்தப்பா விடாமல் மோந்து பார்த்தார். "அக்கா சுட்டதா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோர்ட்ல அக்கா என்னடா சொல்லுவாங்க?" என்றார்.

"அதக் கேக்கவே கூடாதாம் சித்தப்பா."

திரும்பி வந்து வெறும் டின்னைப் பெரியம்மாவிடம் நீட்டினேன். "மெலிஞ்சிட்டானாடா?" என்று கேட்டவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.