ஓடு மாற்ற வந்தவரும் வாலாட்டிக் குருவியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் எங்களுடையது ஓட்டு வீடு. மழைக்கு முன், புரட்டாசியில், உடைந்த ஓடுகளை மாற்ற ஓர் ஆள் வருவார். அதே மாதம் வடக்கிலிருந்து வாலாட்டிக் குருவிகளும் எங்கள் கொல்லைக்கு வந்து சேரும். ஏழு வருடமாக நான் அவற்றை எண்ணி நோட்டில் எழுதி வந்தேன். நாற்பத்தொன்று ஆகியிருந்தது. பத்திரிகைக்கு அனுப்பும் எண்ணமும் இருந்தது.

அந்த வருடம் வந்தவர் ஒல்லியான மனிதர், தலையில் ஈரத்துண்டு. ஒவ்வொரு ஓட்டையும் விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்ட பிறகே அடுக்குவார்.

கிணற்றடியில் ஒரு குருவி இறங்கியது. “நாற்பத்திரண்டு” என்றேன்.

கூரையிலிருந்து அவர் சிரித்தார். “குருவி ஒண்ணுதான் சார், வந்த தடவைதான் ஜாஸ்தி. வலது கால்ல ஒரு விரல் கம்மி, பாருங்க. வருஷா வருஷம் இதுதான் வருது.”

பார்த்தேன். ஒரு விரல் இல்லைதான். நாற்பத்தொன்றில் எத்தனையை அடிப்பது என்று தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

“நீங்க இந்த வருஷந்தானே வர்றீங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கையிலிருந்த ஓட்டைத் தட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏழு வருஷமா நான்தான் சார் வரேன்.”

ஓடு மாற்றியவர்கள் ஏழு பேர் என்று அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

அடுத்த புரட்டாசியில் ஏணியோடு ஒருவர் வந்தார். தலையில் துண்டு இல்லை. முகத்தை உற்றுப் பார்த்தேன். அவர்தானா என்று சொல்ல முடியவில்லை. அவர் கூரையேறி முதல் ஓட்டைக் கையில் எடுக்கும்வரை, நோட்டைத் திறக்காமல் கொல்லையிலேயே நின்றிருந்தேன்.