யாரும் பிடிக்காத நாடா

தொக்கியேவுக்கு வயது ஐம்பத்தாறு. கமீலியா விதையில் எண்ணெய் எடுக்கும் ஆலையில் இருபத்தெட்டு வருடமாகச் சொத்தை விதை பொறுக்குகிறாள். வம்புதும்புக்குப் போகாதவள். அப்படியிருந்தும் தீவு முழுக்க அவளுக்கு ஒரு பெயர் உண்டு: வழியனுப்ப வராதவள்.

அந்தப் பெயரை வாங்கித் தந்தது ரூரியின் பாட்டு. இருவரும் ஒரே வகுப்பு. பதினெட்டு வயதில் ரூரி கிதாரைத் தூக்கிக்கொண்டு டோக்கியோவுக்குப் போனாள். தானே எழுதினாள், தானே மெட்டுப் போட்டாள், தானே பாடினாள். இரண்டாம் வருடம் வந்த ‘யாரும் பிடிக்காத நாடா’ நாட்டையே அழ வைத்தது. தீவில் கப்பல் கிளம்பும்போது, போகிறவர் கையில் தாள் நாடாவின் ஒரு முனை இருக்கும், கரையில் நிற்பவர் கையில் மறுமுனை. கப்பல் நகர நகர நாடா நீண்டு, கடைசியில் அறுந்துவிடும். பாட்டில் வரும் பெண் நாடாவை வீசுகிறாள். கரையில் பிடிக்க ஆளில்லை. வருவதாகச் சொன்ன தோழி வரவே இல்லை.

ரூரிக்கு இருந்ததே ஒரு தோழிதான். அது யார் என்று தீவில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கல்யாணமான புதிதில் சூப்பில் உப்புக் குறைந்தால்கூட மாமியார், "கூடப் படிச்சவளையே அம்போன்னு விட்டவ, உப்பையா பாத்துப் போடப் போறா?" என்பாள். தொக்கியே வாயைத் திறந்ததில்லை.

புதன்கிழமை ஆலை அரை நாள்தான். மதியம் பெண்கள் ஐந்து பேர் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஃபுசாயேயின் கடைக்குப் போய், பார்லித் தேநீர் குடித்தபடி, இசை மட்டும் ஓடும் கரோக்கி மெஷினோடு சேர்ந்து பாடுவார்கள். ரூரியின் மற்றப் பாட்டுகள்கூட ஓடும். அந்த ஒன்றை மட்டும் தொக்கியே இருக்கும்போது யாரும் தொடமாட்டார்கள். அடுத்தவர் மனம் நோகப் பாடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். வெளியூர்க்காரர் யாராவது தெரியாமல் மெஷினில் அந்தப் பாட்டின் எண்ணை அழுத்திவிட்டால், "மெஷின் மக்கர் பண்ணுது" என்று ஃபுசாயே நிறுத்திவிடுவாள். எல்லாம் நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுக்குப் பயந்து, முப்பத்தாறு வருடமாக ஆசையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தொக்கியே. அவளுக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர்.

ஆனால் இந்தப் புதனை விட்டால் இல்லை. கழுத்தில் தைராய்டுக் கட்டி. வருகிற செவ்வாய் நாகசாகியில் ஆபரேஷன். குரல் மாறலாம், உச்சம் எட்டாமலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளே எண்ணை அழுத்தினாள். முதல் இசை கேட்டதும் எல்லார் கையும் கோப்பையோடு நின்றது. ஃபுசாயே பாய்ந்து வந்து நிறுத்தினாள்.

"ஐயையோ, எவ கை பட்டுச்சோ! இந்த மெஷினே சரியில்லடி."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் போட்டேன்," என்றாள் தொக்கியே.

அவளோடு ஒரே மேசையில் விதை பொறுக்கும் சனாயே பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். "எதுக்குக்கா உங்களையே குத்திக்கிறீங்க? நாங்க என்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பமா?"

"சொல்லியிருந்தா தேவலையே. நான் போனேன்டி. நல்ல மழை. நாடாவோட மறுமுனையப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அறுந்தப்புறமும் அலைத்தடுப்புச் சுவரு முடியற வரைக்கும் ஓடினேன். ஒத்தச் செருப்பு கடல்ல போச்சு."

"அப்போ பாட்டு?"

"டோக்கியோலேர்ந்து போன் பண்ணா. ‘நீ வந்தேன்னு எழுதினா பாட்டு அமையவே மாட்டேங்குது தொக்கி. வரலன்னு எழுதிக்கட்டுமா?’ன்னு கேட்டா. ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்கா. எழுதிக்கோடின்னேன். ஊரே பாடும்னு யாரு கண்டா?"

"இத்தன வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா?" ஃபுசாயேவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"நான் போனேன்னு சொன்னா அவ பொய்க்காரி ஆயிடுவா. எழுதிக்கோன்னு குடுத்தத எப்படித் திருப்பிக் கேக்கறது?"

ஃபுசாயே மறுபடி எண்ணை அழுத்தினாள்.

தொக்கியே எழுந்து நின்று பாடினாள். தொடக்கத்தில் குரல் கரகரத்தது. பிறகு அவளே கப்பலில் நின்றாள், அவள் கையிலிருந்தே நாடா பறந்தது. கரையில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அந்த வராத பாவியின் மேல் அவளுக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. வராதவளைக் கூப்பிடும் உச்ச இடத்திலும் விடவில்லை. எட்டிப் பிடித்தாள்.

பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. சனாயே கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாள், பாட்டை விட்டு இன்னும் வெளியே வராமலே, சிவந்த கண்ணோடு அவளை முறைத்துப் பார்த்தாள்.

"என்ன இருந்தாலும் அக்கா, நீங்க போயிருக்கணும்."

"ஆமாண்டி," என்றாள் தொக்கியே, கன்னத்தைத் துடைத்துக்கொண்டே. "போயிருக்கணும்."