பின்னால காலி வண்டி வருதுங்க

போன வாரம் காந்திபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். நான்கு நிமிடத்தில் வரும் என்றது மின்பலகை. அரைமணி நேரம் கழித்தும் அதே நான்கு நிமிடம்தான். சொன்ன சொல் மாறாத பலகை. கடைசியில் வந்த வண்டி முகத்தில் புகையை ஊதிவிட்டு நிற்காமல் போனபோது எனக்குக் கோபம் வரவில்லை. தொண்ணூறுகளின் டீசல் வாசம்தான் வந்தது.

அப்போது நான் சிங்காநல்லூரில் ஒரு பம்ப் பட்டறையில் குமாஸ்தா. வீடு கிணத்துக்கடவுக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வழி பிரிகிற ஒரு நிறுத்தம்; பிரிவு என்போம். ரயில் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்குத் தொந்தரவு கூடாதென்று, நாங்கள் போன பிறகு வரும். நாங்கள் திரும்புவதற்குள் போய்விடும்.

ஆகவே பஸ். பொள்ளாச்சியிலிருந்தே பிதுங்கிக்கொண்டு வரும். எங்களைக் கண்டதும் டிரைவருக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிடும். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "பின்னால காலி வண்டி வருதுங்க!" என்பார். நட்டாற்றில் விட்டுப் போகும்போதும் 'ங்க' போடுகிற ஊர் எங்களுடையது. அந்தக் காலி வண்டியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

எனக்கென்ன, நான் தாமதமாகப் போவது முதலாளிக்குப் பழகிவிட்டது; சீக்கிரம் போனால்தான் பயந்துபோவார். பக்கத்து வீட்டு ஜெயமணியக்காவுக்கு அப்படியில்லை. அவர் நூல் மில்லில் வேலை செய்தார். நேரம் தவறினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். இன்னொரு தடவை லேட்டானால் வேலை கிடையாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனவர் அவர்தான். "அந்தப் பிரிவுல ஏர்றதுக்கு ஆளே இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

"நிறுத்துனாத்தானுங்க சார் ஏற முடியும்?"

அதிகாரி அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை போலிருக்கிறது. நேரில் வந்து ஆய்வு செய்வதாகச் சொன்னார்.

ஆய்வு நாளும் வந்தது. ஜீப்பில் வந்து இறங்கினார். அன்றைக்குப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு பஸ்ஸும் கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றது. "ஏறுங்க அம்மணி, பாத்து ஏறுங்க" என்று கண்டக்டர்கள் உருகினார்கள். மற்றவர்களை ஏற்றிவிட்டு ஜெயமணியக்கா கீழேயே நின்றார்; முதலாளியின் பழக்கத்தை நம்பி நானும் நின்றேன்.

"ஏனுங்கக்கா, கேட்டச் சாத்திப்போடுவாங்களே" என்றேன்.

"இன்னைக்கு உட்டா இந்தாளு மறுக்கா வரமாட்டாருங்க தம்பி."

ஆய்வு முடிந்தது. "எல்லா வண்டியும் நிக்குதேம்மா" என்றார் அதிகாரி, திருப்தியாக.

"அப்பறமென்னுங்க சார், ஜீப்ப அனுப்பிப்போட்டு எங்ககூட பஸ்லயே வாங்க."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜீப்பை அனுப்பினார். பாவம், ஆய்வு எத்தனை மணி வரை என்பது டிரைவர்களுக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் பஸ் போனது. இரண்டாவதும் போனது. வெயில் ஏறியது. மூன்றாவதற்கு அவர் ஃபைலை ஆட்டிக்கொண்டு நடுரோட்டுக்கே போனார். வண்டி வளைந்து போனது. படியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "பின்னால காலி வண்டி வருதுங்க சார்!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினேன். அக்கா சிரிக்கவில்லை. வடக்கே, மில் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் போனபோது கேட் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை.

கொஞ்ச நாளில் எங்கள் பிரிவிலிருந்தே காலையில் ஒரு வண்டி புறப்பட ஏற்பாடாயிற்று. முதல் நாள் வண்டிக்குப் பூமாலை, பூசணிக்காய், போட்டோ எல்லாம் உண்டு. இதற்காக அல்லும் பகலும் பாடுபட்டதாக உள்ளூர்ப் பிரமுகர் பேசினார். அவருக்குச் சொந்தக் கார் இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஜெயமணியக்கா. ஊருக்குள்ளேயே தேங்காய் நார்க் களத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நடந்தே போய்விடலாம்.

"அக்கா, ஏறலீங்களா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"நான் எங்கீங்க போறது? நீங்க இவங்கள நேரத்துக்குக் கொண்டுபோயி உடுங்க."

இப்போது அந்த மில் இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்பு. எல்லோரும் ஸ்கூட்டர் வாங்கிவிட்டார்கள். ஆள் ஏறவில்லை என்று வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். இந்தத் தடவை அது நிஜம். நாலுவழிச் சாலை போட்டதில் பிரிவும் மண்ணுக்குள் போயிற்று. வண்டி ஓடியவரை அதன் நம்பரை எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. "ஜெயமணி வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது அப்படிக் கேட்க ஆளில்லை.