இரண்டரை அங்குலக் குழாய்

உவர்மலை ஏற்றத்தில் பாதி ஏறும்போதே காருக்கு மூச்சுத் திணறியது. ஹஸ்மி இறங்கி முன்மூடியைத் தூக்கினார். எஞ்சினிலிருந்து புகைக்குழாய் புறப்படும் இடம் தணலாய்ச் சிவந்திருந்தது. ஓட்டும் இருக்கையில் இருந்த கஜந்தி இறங்கி வந்து சிவந்த இடத்தைப் பார்த்தாள். ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திருகோணமலை நகரத்தில் சைலன்சர் வேலை என்றால் ஹஸ்மியின் பட்டறைக்குத்தான் போவார்கள். அவர் தொழில் பழகிய காலம் சண்டைக்காலம். வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றையே: சத்தத்தைக் குறைத்துத் தாருங்கள். சத்தம் போட்டு வரும் வண்டியைச் சென்றி என்ற சோதனைச் சாவடியில் மறிப்பார்கள், அடையாள அட்டையைப் புரட்டுவார்கள். அதில் இருக்கும் பெயர் பிடிக்காவிட்டால், இறங்கியவன் திரும்ப ஏறுவது நிச்சயமில்லை. ஆகவே ஹஸ்மி சைலன்சர் பெட்டிக்குள் தகடு அடுக்கினார், இரும்பு நார் திணித்தார், ஒரு பெட்டி போதாதென்றால் இன்னொன்றை ஒட்டினார். வண்டிகள் பூனை போல நகரத்தைக் கடந்தன. வேறு ஊர்களில் அயலவரின் தூக்கத்துக்காகச் செய்கிற வேலையை இங்கே உயிருக்காகச் செய்தார்கள்.

இந்தக் கார் யதுர்சனுடையது. கஜந்தியின் அண்ணன், ஹஸ்மியின் சிநேகிதன். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் விட்டுப் போன இரண்டு இருக்கைப் பழங்காரை வாங்கி, எஞ்சினுக்குள் காற்றைப் பலவந்தமாக ஊதித் தள்ளும் சூப்பர்சார்ஜர் ஒன்றையும் தேடிப் பூட்டினான். உள்ளே போகும் காற்று கூடினால் வெளியே வரும் புகையும் கூடும். பழைய ஒடுங்கிய குழாய் அதற்குப் போதாது. அகலக் குழாய் போட்டு, அது முழங்க, நிலாவெளிக்கு அப்பால் இறக்கக்கண்டிப் பாலம்வரை ஒரே மூச்சில் ஓட வேண்டும் என்பது அவன் ஆசை. "சண்டை ஓயட்டும் மச்சான்," என்றார் ஹஸ்மி. அவனும் சரி என்றான்.

சண்டை ஓயவில்லை. ஒரு காலை அவன் கடைக்குப் போனான். வாகனத்தில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று ஊருக்கே தெரியும்; கோப்புகளுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது. அவன் அன்று போனது சைக்கிளில். ஆனாலும் கார்தான் ராசியில்லாதது என்று கதை கிளம்பியது. கொண்டு போனவர்களின் பெயரைச் சொல்லப் பயந்தவர்கள், வாயில்லாத இரும்பின்மேல் பழியைப் போட்டார்கள். சாத்திரக்காரர் அவனை வடக்குத் திசையில் உயிரோடு வைத்திருந்தார். விசாரிக்க வந்தவர்கள் கோப்பில் வைத்திருந்தார்கள். இரண்டு பகுதியும் சேர்ந்து ஒரு தாயைச் சாகும்வரை வீட்டு வாசல் படலையடியில் காக்க வைத்தன. "அவன் வந்து குழாயைப் போடட்டும்," என்று சொல்லி, போன வருசம் கண்ணை மூடும்வரை அம்மா காரைத் தொட விடவில்லை.

அம்மாவின் ஆண்டுத்திவசம் முடிந்த கிழமை கஜந்தி காரைப் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தாள். எஞ்சின் திருந்தியது. சைலன்சரில்தான் பிழை வந்தது.

உவர்மலையிலிருந்து திரும்பியதும் பட்டறையில் கஜந்தி காருக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"நானா, இதென்ன ரெண்டு பெட்டி?"

"சத்தம் கொஞ்சம் அமந்து போகட்டுமெண்டுதான் தங்கச்சி."

"குழாய்?"

"பழைய அளவுதான். கூட்டினா ஆக்கள் திரும்பிப் பாப்பாங்க."

"பாக்கட்டுமன்." அவள் நிமிர்ந்தாள். "சென்றி எடுத்து எத்தினை வருசம்? நீங்கள் இன்னும் அதைத்தான் கடந்துகொண்டிருக்கிறீங்கள்."

ஹஸ்மிக்குச் சுருக்கென்றது. அகலக் குழாய் வேண்டும் என்று அவருக்குத் தெரியாமலா? காருக்கு அளவெடுத்தபோது இரண்டரை அங்குலம் என்றுதான் நினைத்தார். வெட்டும்போது கை பழைய குழாயை எடுத்திருந்தது. அதை அவர் கவனிக்கவேயில்லை.

பிளேன்ரீக் கோப்பைகள் கொண்டு வந்த மனைவி ஜெமீலா இடையில் புகுந்தாள். "ஊர்ல உள்ள எல்லாத்தையும் அமத்துறார். இவர்ர கொறட்டைக்கு மட்டும் இன்னும் ஒரு பெட்டி செய்ய ஏலாமக் கிடக்கு."

கஜந்தி சிரித்துவிட்டாள். ஹஸ்மியும் சிரித்தார். பிறகு இரண்டு பெட்டியையும் கழற்றி மூலையில் எறிந்தார்.

"எஞ்சின் வாயில இருக்கிற பழைய வார்ப்பு இரும்பு சூட்டைப் பிடிச்சி வெச்சிக்கும். நாலு புகைத் துவாரத்துக்கும் நாலு குழாய் தனித்தனியா வளைச்சி, கீழ ஒண்டாச் சேப்பம். அங்கயிருந்து பின்னுக்கு ரெண்டரை அங்குலம். உள்ளுக்குத் தடுப்பில்லாத பெட்டி ஒண்டு மட்டும்."

"உப்புக் காத்து?"

"துருப்பிடிக்காத இரும்புதான். நிலாவெளியில ஒரு ஹோட்டல்ல படிக்கட்டுக் கைபிடிய மாத்துறாங்க. அந்தக் குழாய் கிடைக்கும்."

குழாயை வளைக்கும்போது நசியாமல் இருக்க உள்ளே மணல் நிரப்ப வேண்டும். கடல் மணல் ஆகாது, உப்பு. ஆற்று மணலையும் ஈரம் போக வறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் ஆவி கட்டி, குழாய் வாயில் இட்ட அடைப்பைத் தெறிக்க வைக்கும். ஜெமீலாவின் மா வறுக்கும் தாச்சி அந்தக் கிழமை முழுக்கப் பட்டறையிலேயே கிடந்தது. அதற்கு அவள் சொன்னவை இங்கே எழுதத் தக்கவையல்ல.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து ஹஸ்மி கஜந்திக்குப் பக்கத்தில் ஏறினார். முதல் முடுக்கலில் சத்தம் காலடித் தகட்டில் அதிர்ந்து நெஞ்சுக்கு ஏறியது. அதற்கு மேலே சூப்பர்சார்ஜர் சீழ்க்கை அடித்தது. உப்புவெளி கடந்து போனது. நிலாவெளி றோட்டில், முன்பு சென்றி இருந்த இடத்தை நெருங்கியபோது முடுக்கியில் இருந்த கஜந்தியின் கால் தானாகத் தளர்ந்தது. சத்தம் அடங்கியது. அங்கே ஒரு ஐஸ்கிறீம் வண்டி மட்டும் நின்றது. ஹஸ்மி தன் கையைப் பார்த்தார். அது சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கால நல்லா அமத்துங்க தங்கச்சி," என்றார். "ஆரும் இல்ல."

அவள் அமத்தினாள்.

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் நிறுத்தி இறங்கினார்கள். குழாய் சிவக்கவில்லை. எஞ்சின் திணறவில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் இழுக்கத் தொடங்கினார்கள்.

"இதுதானா நானா? அண்ணா சொன்ன சத்தம்?"

"தெரியா. அவனுக்குத்தான் தெரியும்."

கஜந்தி போய்க் காரில் ஏறினாள். பிறகு சாவியைத் திருப்பினாள். ஹஸ்மி ஏறவில்லை.

"நீங்க அங்கால போய்த் திருப்பி வாங்க. நான் இதில நிண்டு கேக்கிறன். உள்ளுக்கு இருந்து கேக்கிறது வேற."

கார் பாலத்தைக் கடந்து தென்னைகளுக்குப் பின்னால் மறைந்தது. ஹஸ்மி படலையடியில் நிற்கிற ஆள் போல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு றோட்டோரம் நின்றார். தூரத்தில் அது திரும்பியது கேட்டது; பிறகு கிட்ட, கிட்ட வந்தது.