பசிக்காத சஷ்டி

மாதவிலக்கு நின்ற பிறகு என் உடம்பு என்னைக் கேளாமலே மாறத் தொடங்கியது. சாப்பாடு கூடவில்லை, ஆனால் இடுப்புப் பெருத்தது. கோயிலில் தீபாராதனை நேரம் பார்த்து நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறும். சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு நிற்பேன். இரத்தத்தில் சீனியும் ஏறவே, வெள்ளவத்தையில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் பெண் டொக்டர், கிழமைக்கு ஒருமுறை வயிற்றில் போடும் ஊசியை எழுதித் தந்தார். வெள்ளி விரத நாள் என்பதால் சனிக்கிழமைகளில் போட்டுக்கொண்டேன்.

சில மாதங்களில் சட்டைகள் தளர்ந்தன. வேர்வை நிற்கவில்லை, பசிதான் நின்றது.

அந்த நேரம் கந்தசஷ்டி வந்தது. கலியாணம் கட்டிய வருஷத்திலிருந்து நான் விடாத விரதம். ஆறு நாளும் பகலில் தண்ணீர் மட்டும். பின்னேரம் கோயிலால் வந்து பாலும் பழமும். ஏழாம் நாள் காலையில் பாறணைச் சோறு. மற்ற வருஷங்களில் இரண்டாம் நாளே தலையிடிக்கும், அடுத்த வீட்டுத் தாளிப்பு வாசத்துக்குக் கண் கலங்கும். இந்த முறை ஒன்றுமில்லை. முருகன்தான் லேசாக்கித் தந்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன்.

"உமக்குப் பசிக்கேல்லையோ?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்லையப்பா. இந்த முறை நல்ல சுகம்."

"ஊசியும் போட்டிட்டு விரதமோ? பிட் வச்சுக்கொண்டு சோதினை எழுதுற மாதிரியெல்லே கிடக்கு."

"வாயைக் கழுவுங்கோ!" என்றேன். ஆனாலும் அந்தச் சொல் உள்ளே குத்தியது.

நான்காம் நாள் பூசை முடிந்து விழுந்து கும்பிட்டேன். எழும்ப முடியவில்லை. தலைகூடச் சுற்றவில்லை, தொடைகளில்தான் பலமில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தூக்கிவிட்டார்கள். கூட வந்திருந்த மகள் அப்படியே ஆட்டோவில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோனாள்.

"பசிக்காட்டிலும் சாப்பிட வேணும் எண்டு சொன்னனான் எல்லே, அன்ரி?" என்றார் டொக்டர். "உங்கட வயசிலை எலும்பும் தேயும், தசையும் குறையும். ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டையும் விட்டா, கொழுப்போட தசையும் சேர்ந்து போகும். விழுந்து எலும்பு முறிஞ்சா ஆர் உங்களைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போறது?"

"இன்னும் ரெண்டு நாள்தானே, பிள்ளை."

"ஒரு நாளும் ஏலாது. இண்டைக்கே முட்டையோ மீனோ…"

"ஐயோ டொக்டர், சஷ்டிக்குள்ளயோ!" என்று மகள் கத்தினாள்.

டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பயறு, பருப்பு, தயிர். ஆனாச் சாப்பிட வேணும்."

வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். இத்தனை வருஷத்து விரதம் முறிந்துவிட்டதே என்ற துக்கம். மகள் அவித்த பயறைக் கொண்டுவந்து வைத்தாள். வாய்க்குப் பிடிக்கவில்லை, வயிறும் கேட்கவில்லை. ஒவ்வொரு கரண்டிக்கும் "முருகா" என்று சொல்லி விழுங்கினேன். இவர் பகிடி ஒன்றும் விடவில்லை. கோப்பை வெறுமையாகும்வரை எதிரில் இருந்தார்.

சூரன்போரைக் கோயிலில் ஒரு கதிரை போட்டு இருந்துதான் பார்த்தேன். அடுத்த நாள் பாறணைச் சோறு. வருஷத்தில் எனக்கு மிக உருசியான சாப்பாடு அது. இந்த முறை வாழைக்காய்க் கறியும் சோறும் சும்மா தொண்டைக்குள் இறங்கின.

அடுத்த சஷ்டிக்கு ஊசியை என்ன செய்வதென்று டொக்டரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். முருகனிடமும் கேட்டிருக்கிறேன், பசியைத் தா என்று. நாளைக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பயறு ஊறப்போட்டிருக்கிறேன்.