குடிக்காத ஜீவராஜின் தள்ளாட்டம்

இன்றைக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் ஜீவராஜ் அண்ணனைச் சந்தித்தேன். அவர் தள்ளாடி வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த அம்மா சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அண்ணன் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை! இவர் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கண் எப்போதும் மஞ்சள், நடை எப்போதும் தள்ளாட்டம். அப்பா கசிப்புச் சாராயம் குடித்தே செத்தவர் என்பதால் யாருக்கும் வேறு சந்தேகம் வரவில்லை. ஒருநாள் பெக்டரியில் மெசினுக்குப் பக்கத்தில் தடுமாறினார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அத்தனை பேர் முன்னாலும் நிறுத்தினார்.

“ஊதுடா.”

ஊதினார். வாசம் இல்லை.

“ஏலக்கா மென்னுட்டு வந்திருக்கான். அப்பன விட கெட்டிக்காரன்!”

எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு பெக்டரி வேலை போயிற்று.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். பிறகு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டு வாசலில் சறுக்கியபோது, மகளின் நெற்றி படியில் அடிபட்டது. மனைவி சுலக்ஷனா சொந்த மாமன் மகள். அதுவரை ஊர்ப் பேச்சை நம்பாதவள். அன்று அவளும் குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தாள். பிறகு பிள்ளையோடு வட்டவளைக்கு, தன் அண்ணன் சுமன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

குடிக்கவில்லை என்று நிரூபித்தால் திரும்பி வருவாள். அந்த ஒரே நினைப்பில் கண்டியில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். கடைசியில் டொக்டர் பஸ்மிலா அவர் ரத்தத்தை வெளிநாடு வரை அனுப்பிக் கண்டுபிடித்தார். உடம்பு சீனியைச் சக்தியாக மாற்ற உதவும் ஒரு நொதி. பெயர் குளுக்கோஸ் பொஸ்பேட் ஐசோமரேஸ். அதுதான் அவருக்குப் பழுது. டொக்டர் விளக்கினார்:

“காலையில கொழுந்து ஆஞ்சிட்டு பின்னேரம் த்ரீவீல் ஓட்டுறவர் படுத்துட்டா, ரெண்டு வேலையும் நிக்கும்தானே? இதுவும் அப்படித்தான் தம்பி. இது சீனி வேலையும் பாக்கும், நரம்புக்கும் ஒத்தாசை செய்யும். ரத்தம் சிதையுறதால கண்ணு மஞ்சள். நரம்பு சரியில்லாததால கால் தடுமாறுது.”

நோய் இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷத்தில் அழுதுவிட்டார். நேராக வட்டவளைக்கு ஓடினார்.

சுமன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “ஓ, சாராயத்துக்கு இப்ப இங்கிலீசுல பேரு வச்சுட்டாங்களா?”

சுலக்ஷனா சிரிக்கவில்லை. “இது எப்படி வருதாம்?”

“தாய் பக்கம், தகப்பன் பக்கம் ரெண்டுலயும் இருந்தா வருமாம். சொந்தத்துல கட்டுனா...” நிறுத்திக்கொண்டார். சொல்லி முடித்தால்தான் நம்புவாள் என்று தெரிந்தது. “பாப்பாவுக்கும் பாக்கச் சொன்னாங்க.”

அவள் உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த மகளை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தாள். இமையை விரலால் விரித்தாள். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் லேசான மஞ்சள். சுமனின் சிரிப்பு அப்படியே நின்றது.

“நம்புறேங்க,” என்றாள். “நீங்க குடிகாரனாவே இருந்திருக்கலாம்.”

அன்றே லயத்துக்குத் திரும்பிவிட்டாள். மகளை மட்டும் இன்றுவரை அவர் கையில் தருவதில்லை. பிள்ளைக்கு இப்போது அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதற்காக ஆஸ்பத்திரியில் இருக்கும் இருவரையும் பார்க்கத்தான் அண்ணன் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

ரத்தம் கொடுக்கக்கூடியவர்கள் தயவுசெய்து பக்கத்து ரத்த வங்கிக்குப் போங்கள். இதை உங்கள் தோட்டத்து குரூப்களில் எல்லாம் போட்டுவிடுங்கள். ஊதச் சொன்னவர் கண்ணிலும் படட்டும்.