மக்காத ஸ்டிக்கர்

"சார், இது உங்களுதா பாருங்க..." என்று குணசுந்தரி என் கையில் வைத்தது ஒரு பச்சை ஸ்டிக்கர்.

மண் ஒட்டியிருந்ததே தவிர, ஓர் எழுத்துகூட அழியவில்லை. 'மக்கும் குப்பை மட்டும்.' கீழே எங்கள் அபார்ட்மென்ட்டின் பெயர்.

என்னுடையதேதான். பச்சைத் தொட்டிகளில் ஒட்டுவதற்காக நானே கூட நின்று அச்சடித்து வாங்கியது. தொட்டியிலிருந்து கழன்று, குப்பையோடு போய், உரக்கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து, லாரியேறி, பழவேற்காடு வரை வந்து சேர்ந்திருக்கிறது - மக்காமல்!

எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்று தொட்டி வைத்த கதையை எழுதி உங்களை எவ்வளவு படுத்தியிருக்கிறேன்... மாடி மாடியாக ஏறி, "வாழைப்பழத் தோல் இதில், ஷாம்பு பாக்கெட் அதில்" என்று பாடம் எடுத்ததையெல்லாம் நீங்களும் பொறுமையாகப் படித்தீர்கள். அந்தக் குப்பை உரமாகி, பழவேற்காட்டுப் பக்கம் ஓர் இயற்கை விவசாயிக்குப் போகிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணால் பார்த்துவிட்டு வரலாமே என்று போன வாரம் கிளம்பினேன். மீஞ்சூர் வரை ரயில். அப்புறம் பஸ்.

அந்த விவசாயிதான் குணசுந்தரி. கோட்டைக்குப்பத்துக்காரர். கணவர் ஏழுமலைக்கு ஏரியில் மீன்பிடி. மீனும் இறாலும் குறையக் குறைய, வீட்டுக்கு இன்னொரு பிழைப்பு வேண்டாமா? மணற்பாங்கான நிலம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போடுகிறார். யூரியா கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. விளைவதை எல்லாம் சென்னையில் ஓர் ஆர்கானிக் கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார்.

இனிமேலும் வாங்குவாரா என்பதுதான் இப்போது பிரச்சினை. போன அறுவடைக்கு அவரே நேரில் வந்து செடியைப் பிடுங்கிப் பார்த்தாராம். வேரோடு வந்தது கடலை மட்டுமா? பால் பாக்கெட் துண்டு, மாத்திரை அட்டை... ஒரு செடியின் வேர் பிஸ்கட் கவருக்குள் குடித்தனமே நடத்தியிருக்கிறது. இன்னொரு தடவை இப்படி இருந்தால் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அவரு எடுக்கலன்னா மண்டிக்குத்தான் போவணும் சார். அங்க யூரியா போட்டவன் கடலையும் என்னுதும் ஒரே குவியல். அப்பால நான் இன்னாத்துக்கு இவ்ளோ கஸ்டப்படணும்?"

நியாயமான கேள்வி.

ஏரியில் எல்லாரும் எல்லா நாளும் வலை போட்டுவிட முடியாது. முறை வைத்திருக்கிறார்கள், அதற்குப் 'பாடு' என்று பெயர். அன்று ஏழுமலைக்குப் பாடு இல்லாத நாள். மனிதர் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். பழைய இறால் வலையை நாலு கம்பில் கட்டி, அதில் உரத்தைக் கொட்டிச் சலித்துக்கொண்டிருந்தார்! கடைச் சல்லடையைவிட வலைக்கண் சின்னது என்பது அவர் கட்சி.

வலையில் மாட்டியதைப் பார்த்தேன். காது குடையும் குச்சி, பேனா மூடி, அறுந்த செருப்பு வார்... அந்தக் குவியலிலிருந்துதான் என் ஸ்டிக்கரும் வந்தது. கண்ணாடிச் சில்லு மட்டும் வலைக்கும் டிமிக்கி கொடுத்துவிடுகிறது. குணசுந்தரியின் விரலில் பிளாஸ்திரி.

அந்த நேரம் பார்த்து அடுத்த உர லோடு லாரியில் வந்து நின்றது.

டிரைவர் பின்கதவைத் திறக்கப் போனார். குணசுந்தரி சக்கரத்தின் மேல் ஏறி ஒரு கை அள்ளிப் பார்த்தார். கை நிறையப் பளபளவென்று பிளாஸ்டிக் துண்டுகள்.

"தொறக்காத தம்பி. திருப்பி எட்த்துனு போ."

"இன்னாக்கா நீ... ஓசில குடுக்கறதைப் போய் வேணான்ற?"

ஏழுமலை சலிப்பதை நிறுத்திவிட்டு வந்தார். "இருக்கட்டும்மே. வெதைக்கற நேரத்துல எருவுக்கு எங்க போவ? நான் சலிச்சுத் தரேன்."

குணசுந்தரி கத்தவில்லை. அலுத்துப்போன குரலில்தான் சொன்னார்: "ஏரில வலைய இழுத்தா கவரு. அதப் பொறுக்கற. கரைக்கு வந்தா என்கூட குந்திகினு மறுபடியும் கவரு பொறுக்கற. எப்பத்தான்யா மீன் புடிப்ப? என்னால முடியல. ஆட்டுக்கெடை போட்டுக்கறேன். அது எவ்ளோ நெலத்துக்கு வருதோ அவ்ளோதான் கடலை. மிச்சம் சும்மா கெடக்கட்டும்."

ராத்திரியில் ஆடுகளை நிலத்திலேயே அடைத்துவைத்தால் அவற்றின் புழுக்கை எருவாகும். ஆனால் அவருக்குக் கிடைக்கிற கிடை பாதி நிலத்துக்குத்தான் காணுமாம். பாதி விளைச்சல் போச்சு என்று தெரிந்தேதான் லாரியைத் திருப்பினார். ஏழுமலை வலையைக் கம்பிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தார்.

எனக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. எங்கள் மூன்றாவது மாடிக்காரர் மேலா? "ஒரே ஒரு ஷாம்பு பாக்கெட்தானே சார்" என்பார். அவருக்கு ஒன்றுதான். எல்லார் வீட்டு ஒன்றும் சேர்ந்தல்லவா இங்கே ஒரு லாரியாக நிற்கிறது? குப்பையை நாம் எங்கே ஒழிக்கிறோம்... நம் கண்ணுக்குப் படாத ஊராகப் பார்த்து அனுப்பிவைக்கிறோம். அதற்கு உரம் என்று பெயர் வேறு. தொண்டை கிழியக் கத்தி என்ன கண்டேன்? உண்மையைச் சொன்னால் எனக்கும் அலுத்துவிட்டது.

திரும்பும் பஸ் வருகிற வழியாகத் தெரியவில்லை. லாரியிலிருந்து ஹார்ன் சத்தம். "ஏறுங்க சார், மீஞ்சூர்ல உட்டுர்றேன்" என்றார் டிரைவர்.

ஆக, பெருமையோடு போனவன் எங்கள் குப்பையோடேயே திரும்பினேன். வாசனையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்! மீஞ்சூர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்களே சொல்லுங்க. இத நான் எங்கதான் கொட்றது?"

நியாயமாகப் பார்த்தால் என் வீட்டு விலாசத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

"ரயிலுக்கு நேரமாச்சுப்பா" என்று இறங்கிவிட்டேன்.